கொழுப்பின் மேல் விழுந்த பழி

புனித அகுஸ்தினாரை ஹிப்போ நகரின் ஆயராகவும் திருச்சபையின் மறைவல்லுநராகவும் நாம் அறிவோம். மோனிக்கம்மாளின் கண்ணீருக்குப் பலனாய்க் கிடைத்த மைந்தர் என்று நம் அன்னையர் அவரை நினைவுகூர்வர். அத்தகைய பெருமகனார் ஒரு துண்டு இறைச்சியை ஓராண்டுக் காலம் வைத்திருந்து சோதித்துப் பார்த்தார் என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா?

அந்நிகழ்ச்சியை அவரே தம் 'இறைவனின் நகர்' என்னும் பெருநூலின் 21ஆம் பகுதியில் கூறியுள்ளார். மயிலின் ஊன் அழுகுவதில்லை என்ற பேச்சு அக்காலத்தில் வழங்கிவந்தது. அகுஸ்தினாருக்கு அது நம்பத் தகாததாகத் தோன்றியது. கார்த்தேஜ் நகரில் ஒருநாள் அவருக்குச் சமைத்த மயில் பரிமாறப்பட்டபோது, அதன் மார்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பத்திரப்படுத்தச் சொன்னார். வேறெந்த இறைச்சியும் நாறிப்போகும் அளவு நாள்கள் சென்றபின் அதைக் கொண்டுவரச் செய்தார், துர்நாற்றம் இல்லை. 30 நாள்களுக்கு மேல் ஆனபின் பார்த்தார், அப்போதும் இல்லை. ஓராண்டு கழித்தும் அப்படியே இருந்தது. சற்றே உலர்ந்து சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இறைவன் மயிலின் ஊனுக்கு அளித்த தனி இயல்பே இது என்று புனிதர் முடிவு கட்டினார். இன்று அப்பகுதியைப் படிக்கும் நமக்கோ, போகிற போக்கில் அவர் சொல்லிவைத்த 'உலர்ந்து சுருங்கியிருந்தது' என்ற செய்தியே கண்ணில் படுகிறது. கொழுப்பற்ற மார்புக் கறி, நெருப்பில் வெந்தது, ஈரம் வற்றிக் காய்ந்துபோனது. அழுகாமைக்கு இதுவே போதும். அவர் கண்ட காட்சி மெய். கற்பித்த காரணம் பிழை.

மாமேதைகளுக்கும் நேரக்கூடிய இப்பிழை, 20ஆம் நூற்றாண்டில் நம் உணவில் உள்ள கொழுப்பைப் பற்றியும் நேர்ந்தது. அதனால் பல குடும்பங்களின் உணவு மேசையில் அச்சம் வந்து அமர்ந்துகொண்டது. ஆனால் அகுஸ்தினார் பிறந்த அதே ஆப்பிரிக்கக் கண்டத்தில், ஏட்டுக்கல்வி இல்லாத தாய்மார்கள் கொழுப்பின் இயல்பைக் கையாலேயே அறிந்திருந்தனர். அவர்களுடைய அடுக்களைக்குள் சற்று எட்டிப் பார்ப்போமா?

ஈரத்தை விரட்டும் கலை

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே. அழுகச் செய்யும் கிருமிகள் பெருகுவதற்கு அந்த நீர் வேண்டும். நீரைக் காற்றும் வெயிலும் கொண்டு போக்கிவிட்டால், அல்லது உப்பினால் கட்டிப்போட்டுவிட்டால், கிருமிகளுக்கு வாழ வழியில்லை. நம் ஊர்களில் உப்புக்கண்டம் போடும் பாட்டிமார் இந்த உண்மையை நன்கு அறிவர்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரு மாட்டை அறுத்தால், அதை இரண்டு நாளில் உண்டு தீர்க்க யாரால் முடியும்? மிஞ்சியதைக் காப்பாற்றினால்தான் அடுத்துவரும் வறண்ட மாதங்களில் பிள்ளைகளின் வயிறு நிறையும். ஆப்பிரிக்காவின் ஒவ்வொரு பகுதியிலும் இதற்கென ஒரு முறை உருவானதற்கு இதுவே காரணம்.

தென்னாப்பிரிக்காவில் பின்தொடைக் கறியை நீளக் கீற்றுகளாக அரிந்து, காடியில் நனைத்து, உப்பும் மிளகும் இடித்த கொத்துமல்லி விதையும் தடவிக் காற்றில் தொங்கவிடுகின்றனர். அதற்குப் 'பில்டோங்' என்று பெயர். டச்சு மொழியில் 'பில்' என்றால் பிட்டம். 'டோங்' என்றால் நாக்கு. 1830களில் மாட்டு வண்டிகளில் உள்நாடு நோக்கிப் பெயர்ந்த டச்சு வழியினருக்கு அது வழிச்சோறாயிற்று. ஆயினும் அவர்கள் வருவதற்கு முன்பே அந்நாட்டுப் பழங்குடியினர் இறைச்சியைக் கீற்றாக்கி உலர்த்தி வந்தனர். சிம்பாப்வேயின் ஷோனா மக்கள் தங்கள் உலர்கறியைச் 'சிமுகுயு' என்பர். நிலக்கடலை விழுது சேர்த்து அதைச் சமைப்பர்.

சூடான் நாட்டில் கயிற்றில் தொங்கி உலரும் கறிக்கு 'ஷர்மூத்' என்று பெயர். அதை இடித்துத் தூளாக்கி, காயவைத்த வெண்டைக்காய்த் தூளோடு சேர்த்துக் குழம்பு வைக்கின்றனர். புளித்த சோளமாவில் நம் தோசையைப் போல் மெல்லியதாக வார்க்கும் 'கிஸ்ரா'வை அதில் தோய்த்து உண்கின்றனர். எத்தியோப்பியாவில் உப்பும் மிளகாயும் பூசி உலர்த்துவது 'குவாந்தா'. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் ஏறத்தாழ 180 நாள்கள் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்கி நோன்பு காப்பவர்கள் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. இறைச்சியைக் காக்கத் தெரிந்த அதே கை, இறைச்சியை விலக்கவும் தெரிந்த கையாக இருக்கிறது!

நைஜீரியாவின் வடபகுதியிலும் நைஜர் நாட்டிலும் வாழும் ஹவுசா மக்களின் 'கிலிஷி' இன்னும் நுட்பமானது. கொழுப்பற்ற மாட்டுக்கறியைத் துணி விரிப்பதுபோல் மெல்லிய தாள்களாக விரித்து அரிகின்றனர். அவற்றை வெயிலில் காயவைத்து, கடலைப் பிண்ணாக்கு, இஞ்சி, வெங்காயம், மிளகாய் முதலியன சேர்ந்த விழுதில் தோய்த்து, மறுபடியும் காயவைத்து, கடைசியில் தணலில் சில நிமிடங்கள் வாட்டுகின்றனர்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பழைய முறைப்படி உலர்த்துவோர் முதலில் தேடுவது கொழுப்பற்ற சதையையே. கிலிஷியில் நிலக்கடலையின் எண்ணெயைக்கூடப் பிழிந்துவிட்டுப் பிண்ணாக்கையே சேர்க்கின்றனர். ஏன்? கொழுப்பு சதையைப் போல் உலர்வதில்லை. காற்றும் வெளிச்சமும் நெடுநாள் பட்டால் அது கெட்டுச் சிக்கு நாற்றம் எடுக்கிறது. தன்னோடு சேர்ந்த நல்ல கறியையும் கெடுத்துவிடுகிறது. எனவே அங்கே கொழுப்பு வேண்டாத விருந்தாளி.

அப்படியானால் வெட்டி எடுத்த கொழுப்பைக் குப்பையில் எறிந்தார்களா? இல்லை. கதையின் மறுபாதி இங்கேதான் தொடங்குகிறது.

காவல் நிற்கும் கொழுப்பு

மொரோக்கோ நாட்டின் பேஸ் நகரம் 'க்லீ' என்னும் உணவுக்குப் பெயர்பெற்றது. கறிக் கீற்றுகளில் உப்பு, பூண்டு, சீரகம், கொத்துமல்லி ஆகியவற்றைப் பிசறி ஊறவைத்து, வெயிலில் நன்கு காயவைக்கின்றனர். பின்னர் மாட்டுக் கொழுப்பிலும் ஒலிவ எண்ணெயிலும் இட்டு, ஈரம் வற்றும்வரை மெல்லக் காய்ச்சிச் சாடிகளில் நிரப்புகின்றனர். மேலே கொழுப்பு உறைந்து மூடிக்கொள்கிறது. ஓராண்டு கடந்தும் அது கெடுவதில்லை. காலையில் ஒரு கரண்டி எடுத்து முட்டையோடு சேர்த்துப் பொரித்து உண்பது அவ்வூர் வழக்கம்.

சோமாலிய மக்களின் 'முக்மத்' இதற்கு உறவுமுறை. ஒட்டகக் கறியையோ மாட்டுக் கறியையோ உலர்த்திச் சிறு துண்டுகளாக நறுக்கி, நெய்யில் பொரித்து, அந்த நெய்யிலேயே அமிழ்த்தி வைக்கின்றனர். மேய்ச்சல் நிலம் தேடிப் பல நாள் நடக்கும் குடும்பத்துக்கு அது கைவசம் உள்ள களஞ்சியம். திருமணத்திலும் அதற்கு இடமுண்டு. மணமகள் வீட்டார் அலங்கரித்த பாத்திரம் ஒன்றில் முக்மத்தை வைத்து, தோலால் மூடி, சிக்கலான முடிச்சுகள் இட்டு அனுப்புவர். திருமணத்தின் ஏழாம் நாள் மணமகன் வீட்டார் பொறுமையோடு அம்முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும். அவர்களுடைய பணிவையும் பக்குவத்தையும் சோதிக்கும் இனிய விளையாட்டு அது!

உலர்த்தும்போது பகையாய் இருந்த கொழுப்பு இங்கே காவலாளி ஆனது எப்படி? உருக்கிக் காய்ச்சும்போது கொழுப்பில் ஒட்டியிருந்த நீர் போய்விடுகிறது. நீரற்ற கொழுப்பில் கிருமி வளராது. அது உறைந்து மூடியபின் காற்றும் ஈரமும் கறியை அணுகுவதில்லை. மாட்டுக் கொழுப்பும் நெய்யும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புகள் ஆதலால், மற்ற எண்ணெய்களைப் போல் விரைவில் சிக்கு எடுப்பதும் இல்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காற்றில்லாத இடத்திலேயே வளரக்கூடிய கொடிய கிருமி ஒன்று இருக்கிறது; போட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நோயை அது உண்டாக்கும். ஈரம் மாறாத கறியைக் கொழுப்பில் புதைத்தால் அக்கிருமிக்கு நாமே இடம் அமைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம். எனவேதான் முதலில் உப்பு, பிறகு வெயில், அதற்குப் பிறகே கொழுப்பு என்ற வரிசையை மாற்றாமல் காத்தனர். காற்றில் ஈரம் மிகுந்த நம் கடலோர ஊர்களில், முறை தெரியாமல் இவற்றைச் செய்து பார்க்க முனைவது விபரீதமாகவே முடியும்.

ஆக, அத்தாய்மார்கள் கொழுப்பை ஒரே சொல்லால் நல்லது என்றோ கெட்டது என்றோ தீர்ப்பிடவில்லை. எந்தக் கொழுப்பு, எந்த நிலையில், எதனோடு சேர்ந்தது என்று பார்த்தனர். கற்றறிந்த உலகம் தவறவிட்டது இந்த வேற்றுமையைத்தான்.

பழி வந்த வழி

1955ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இதய நோய்க்குக் காரணம் என்ன என்ற கேள்வி அந்நாட்டில் வீட்டுக்கு வீடு எழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1953இல், மின்னசோட்டாவைச் சேர்ந்த ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் ஆறு நாடுகளின் கணக்கை வரைபடமாகக் காட்டியிருந்தார். கொழுப்பை அதிகம் உண்ணும் நாட்டில் இதய நோய்ச் சாவும் அதிகம் என்பது அதன் சாரம். 1957இல் வேறு இரு ஆய்வாளர்கள், 22 நாடுகளின் கணக்கு கைவசம் இருக்க ஆறை மட்டும் காட்டலாமா என்று வினவினர். எல்லா நாடுகளையும் சேர்த்தால் அத்தொடர்பு வலுக்குறைகிறது என்று அவர்கள் எடுத்துக் காட்டினர்.

கீஸைக் குற்றவாளியாக்குவதும் நீதியன்று. அவர் 1958இல் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்விலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. கிரேக்க நாட்டின் கிரீட் தீவு உழவர்கள், தாங்கள் பெறும் உணவுச் சக்தியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தே பெற்றனர். அதில் பெரும்பகுதி ஒலிவ எண்ணெய். அவர்களிடையே இதய நோயோ மிகக் குறைவு! கொழுப்பின் அளவைவிட அதன் வகையே முக்கியம் என்பதை அவரது ஆய்வே காட்டிற்று. ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து கடைத்தெருவுக்கு வருவதற்குள் அச்செய்தி சுருங்கி, 'கொழுப்பு கெட்டது' என்ற இரண்டே சொற்களாயிற்று.

1977இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்றும், 1980இல் அந்நாட்டு அரசும் கொழுப்பைக் குறைக்குமாறு மக்களுக்கு அறிவுரை கூறின. உணவுத் தொழிலகங்கள் கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சர்க்கரையையும் வெள்ளை மாவையும் நிரப்பின. 'கொழுப்பில்லாதது' என்ற முத்திரையையும் பெருமையோடு குத்தின. மக்களும் நம்பி உண்டனர்.

பின்னர் வந்த சோதனைகள் வேறு சொல்லின. அமெரிக்காவில் 48,835 பெண்களை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பேராய்வு ஒன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. மொத்தக் கொழுப்பைக் குறைத்து உண்ட பெண்களுக்கு இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் உண்ணலாகாது என்று நெடுங்காலம் விதித்திருந்த வரம்பையும், அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி கைவிட்டது. முட்டையின் மஞ்சள் கருவை அஞ்சி எறிந்த கைகள் எத்தனை, எத்தனை!

மசாய் மக்களின் சாட்சியம்

1960களில் ஜார்ஜ் மான் என்னும் அமெரிக்க மருத்துவர், இன்று தான்சானியா எனப்படும் நாட்டுக்குச் சென்று, மசாய் என்னும் மேய்ச்சல் குடியினரில் 400 ஆண்களைப் பரிசோதித்தார். பாலும் இறைச்சியும் அவர்களுடைய முதன்மை உணவு. கீஸின் வரைபடம் சரியென்றால் அவர்கள் இதய நோயால் வாடவேண்டும். ஆனால் அவர்களிடம் இதய நோயின் அறிகுறி மிக அரிதாகவே தென்பட்டது. இரத்தத்தில் கொலஸ்டிராலும் குறைவாகவே இருந்தது.

கொழுப்புக்குப் பரிந்து பேசுவோர் இன்றும் இச்செய்தியைக் கொடிபோல் தூக்கிப் பிடிக்கின்றனர். ஆனால் அவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். 1972இல் அதே மான், இறந்துபோன 50 மசாய் ஆண்களின் உடல்களை ஆராய்ந்து மற்றொரு கட்டுரை வெளியிட்டார். முதிய அமெரிக்கர்களுக்கு இருப்பது போன்ற தடிப்பு மசாய் மக்களின் இதயநாளங்களிலும் இருந்தது! எனினும் அந்நாளங்கள் அகன்று விரிந்திருந்தமையால் இரத்த ஓட்டம் தடைப்படவில்லை. நாள்தோறும் கால்நடைகளின் பின்னே அவர்கள் நடந்த நெடுநடையே இதற்குக் காரணமாகலாம் என்று மான் கருதினார்.

கொழுப்பு நஞ்சு என்பவரும் சரி, கொழுப்பு அமுதம் என்பவரும் சரி, மசாய் மக்களின் வாழ்வில் தமக்கு வேண்டிய பாதியை மட்டுமே கண்டனர். நாற்காலியில் அமர்ந்தபடி மசாய் உணவை மட்டும் உண்பவருக்கு மசாய் இதயம் வந்துவிடாது.

உண்மைக் குற்றவாளி

எல்லாக் கொழுப்பின் மேலும் பழி விழுந்த காலத்தில், உண்மையிலேயே தீங்கு செய்த ஒன்று நல்லவன் வேடத்தில் உள்ளே புகுந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1911இல் அமெரிக்காவில் இத்தகைய கொழுப்பு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் அது வனஸ்பதி என்ற பெயரில் வீடுதோறும் நுழைந்தது. விலங்குக் கொழுப்புக்கு மாற்று, செடியிலிருந்து வந்தது, ஆகவே தூயது என்று பலரும் எண்ணினர்.

அம்முறையில் டிரான்ஸ் கொழுப்பு என்னும் வகை உருவாகிறது. அது தீய கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கவும் செய்கிறது என்பதை 1990இல் ஹாலந்து நாட்டு ஆய்வாளர் இருவர் காட்டினர். 2003இல் டென்மார்க்கும், 2011இல் தென்னாப்பிரிக்காவும் அதற்குச் சட்டத்தால் கடிவாளம் இட்டன. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது விதி.

இதைக் கேட்டு, 'இனி நெய்க்கும் ஆட்டுக் கொழுப்புக்கும் தடையில்லை' என்று மகிழ்வோரும் உளர். அது பழைய கட்டுக்கதைக்குப் பதிலாக வந்த புதிய கட்டுக்கதை. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும், நிறைவுற்ற கொழுப்பு நம் உணவுச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்றே கூறுகிறது. அதன் இடத்தில் தாவர எண்ணெய்களும் மீனும் கொட்டைகளும் வந்தால் இதயத்துக்கு நலம். சர்க்கரையும் வெள்ளை மாவும் வந்தால் நலமில்லை.

நாம் இதுவரை பாராட்டிய உலர்கறிக்கும் இதே நேர்மையைக் காட்ட வேண்டும். உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று 2015இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்கிறது. அதிலுள்ள உப்போ இரத்த அழுத்தத்துக்கு எண்ணெய் வார்க்கும். ஆனால் சூடானியத் தாய் ஒரு பிடி உலர்கறித் தூளைப் பெரிய சட்டிக் குழம்பில் போட்டு வீட்டார் அனைவருக்கும் பகிர்கிறாள். அதை நாள்தோறும் பொட்டலம் பொட்டலமாகக் கொறிப்பதற்கும் அவள் செய்வதற்கும் எவ்வளவு தூரம்!

நம் உணவு மேசையில்

தந்தைக்கு மாரடைப்பு வந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். மறுநாளே நெய்க்கிண்ணம் மறைகிறது, முட்டை விலக்கப்படுகிறது, அம்மா பயந்து பயந்து சமைக்கிறாள். ஆனால் மூன்று கரண்டிச் சர்க்கரையிட்ட தேநீரும், கடையில் வாங்கிய பிஸ்கோத்தும், குவியல் குவியலாய் வெள்ளைச் சோறும், உட்கார்ந்தே கழியும் மாலைப்பொழுதும் அப்படியே தொடர்கின்றன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! நோயுற்றோர் தம் மருத்துவரின் சொல்லைக் கேட்டு, மருந்தை நிறுத்தாமல் உண்பதே முதற்கடமை. அதற்கு மேல், எண்ணெயை அளந்து ஊற்றுவதும், காய்கறியையும் பயறையும் மீனையும் கூட்டுவதும், சர்க்கரையைக் குறைப்பதும், கணவனும் மனைவியும் சேர்ந்து நடப்பதும் எந்த வீட்டுக்கும் எட்டாதவை அல்ல.

விவிலியமும் கொழுப்பை இழிவாகப் பேசவில்லை. பழைய ஏற்பாட்டில் பலிப்பொருளின் கொழுப்பு ஆண்டவருக்கே உரியது. இறைவன் எல்லா இனத்தாருக்கும் அளிக்கவிருக்கும் விருந்தைக் கொழுப்பு மிகுந்த விருந்தாகவே எசாயா இறைவாக்கினர் கண்டார். ஊதாரி மைந்தன் திரும்பி வந்தபோது தந்தை அடிக்கச் சொன்னதும் கொழுத்த கன்றையே. ஆனால் அந்தக் கன்று அன்றாடம் அடிக்கப்பட்டதன்று; பெருமகிழ்ச்சியின் நாளுக்கென்று காத்து வைக்கப்பட்டது.

மயில் இறைச்சியைச் சோதித்த அகுஸ்தினாரிடமே மீண்டும் வருவோம். தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் உணவைப் பற்றித் தம் மனச்சான்றை அவர் ஆராய்கிறார். மருந்தை உட்கொள்வதுபோல் உணவை உட்கொள்ளவேண்டும் என்பது அவர் கற்ற பாடம். தாம் அஞ்சுவது உணவில் உள்ள மாசையன்று, ஆசையில் உள்ள மாசையே என்ற கருத்தையும் அவர் அங்கே கூறுகிறார். எலியா இறைச்சி உண்டும் குறைபடவில்லை. ஏசாவோ வெறும் பருப்புக் கூழுக்கு ஆசைப்பட்டுத் தலைமகன் உரிமையை இழந்தான்.

மயிலைப் பற்றிய காரணத்தில் பிழைபட்ட புனிதர், மனிதனைப் பற்றிய காரணத்தில் பிழைபடவில்லை. போசனப் பிரியம் என்னும் தலையான பாவத்துக்கு எதிரான புண்ணியத்துக்கு நம் ஞானோபதேசம் மட்டசனம் என்று பெயர் சொல்லித் தருகிறது. சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்கும்போதும், திருவிழா நாளில் அதை நன்றியோடு உண்ணும்போதும் நம்மைக் காப்பது அந்த ஒரே புண்ணியம்தான். இன்றிரவு குடும்பமாய் அமர்ந்து உணவுக்கு முன் செபிக்கும்போது, தட்டில் உள்ளதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதற்கு அடிமையாகவும் வேண்டாம். தந்தவருக்கு நன்றி சொல்லி, அளவறிந்து, பகிர்ந்து உண்போம்.